பெக்கோவின் பிரேக் இறுகினால் பைப்பை நெரிக்காதீர்கள்



இறக்குவானை, கஹவத்தை, கொடகவெல, பெல்மதுளைப் பக்கத்தில் கல் வியாபாரத்தில் கொஞ்சம் காசு சேர்ந்தவர் அடுத்ததாகக் கை வைப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான். ஒன்று காணி, மற்றது பெக்கோ. காணி சும்மா கிடந்தாலும் விலை ஏறும். பெக்கோ சும்மா நின்றால் பெற்றரி இறங்கும், டயர் வெடிக்கும், ஒப்பரேட்டர் வேறு இடம் போய்விடுவார். ஆகவே அதை எப்படியாவது ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நினைப்பு நம்மைப் பிடித்துக்கொள்கிறது. அந்த "எப்படியாவது" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பெக்கோ வாங்கும்போது நாம் எஞ்சினைப் பார்க்கிறோம், பம்பைப் பார்க்கிறோம், பக்கட்டின் பின்னையும் புஷ்ஷையும் ஆட்டிப் பார்க்கிறோம். பிரேக்கைப் பார்க்கிறவர் நூற்றுக்கு ஒருவர். "இது ரோட்டில் ஓடுகிற சாமானா, ஒரு இடத்தில் நின்று வெட்டுகிற சாமான்தானே" என்பது வழமையான பதில். 7, 8 தொன் நிறையுள்ள சாமான் அது. நமது பகுதியில் அது நிற்கும் இடமும் சரிவு, போகும் வழியும் சரிவு. தெனியாயவிலிருந்து புலுத்தொட்ட வளைவுகளால் இறங்கி இறக்குவானைக்கு வந்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும். தோட்டத்துப் பாதைகளோ அதைவிட மோசம்.

நாம் எல்லோரும் ஜே.சி.பி. என்றும் பெக்கோ என்றும் மாறி மாறிச் சொல்லும் இந்த மெசினுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பம்போர்ட் என்பவர் 1945 இல் ஒரு சிறு கராஜில் தொடங்கிய கம்பனி, 1953 இல் முன்னால் பக்கட்டும் பின்னால் வெட்டும் கையும் உள்ள மெசினைச் செய்தது. இன்றும் பலர் தேடி வாங்கும் 3சிஎக்ஸ் 1980 இல் வந்தது. இந்தியாவில் பல்லப்கரில் 1979 இல் தொழிற்சாலை திறந்தார்கள். இங்கிலாந்தில் ஓடி முடிந்தவையும் இந்தியாவில் செய்தவையும் வேறு கம்பனிகளின் மெசின்களுமாக நமது நாட்டுக்கு நிறைய வந்து சேர்ந்தன.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை பாய்ந்தது. 2025 இல் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. அதனால் 25, 30 வருடம் ஓடிய மெசின்கள் இன்னும் நம்மிடம் வேலை செய்கின்றன. அவற்றில் அதிகம் கேட்கும் முறைப்பாடுகளில் ஒன்று, பிரேக் இறுகிக்கொள்வது. காலை எடுத்தாலும் பிரேக் விடாது. மெசின் முக்கி முக்கிப் போகும், டீசல் குடிக்கும், சக்கரத்துப் பக்கம் நெருப்பாய்ச் சுடும்.

நான் மெக்கானிக் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். இந்த விடயத்தை நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்து.

எனக்கு நடந்தது

2018 இல் நானும் என் மச்சானும் கூட்டாக ஒரு பழைய பெக்கோ வாங்கினோம். வாங்கும்போது பிரேக் நன்றாக இருந்தது. முதல் வாரத்தில் ஒப்பரேட்டர் தம்பி, "முதலாளி, பிரேக் ஒயில் கொஞ்சம் குறைவாக இருக்கு" என்றார். நான் கடைப் பையனிடம், "பிரேக் ஒயில் ஒரு போத்தல் வாங்கிட்டு வா" என்றேன். அவன் போய் வேனுக்கு ஊற்றும் ஒயிலை வாங்கி வந்தான். ஊற்றினோம். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு போத்தல் எங்களுக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று அன்று தெரியாது.

சில வாரங்களில் இடப்பக்கச் சக்கரம் சுடத் தொடங்கியது. காலையில் ஒன்றும் இல்லை. அரை மணித்தியாலம் ஓடினால் இறுகும். நிறுத்தி ஆறவிட்டால் தானாக விடும். கராஜில் காட்டினோம். மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் போட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது போலிருந்தது. ஒரு மாதத்தில் திரும்ப வந்தது. இன்னொரு கிட், ஒரு புது ஹோஸ். திரும்பவும் அதே கதை. நடுவில் பாதி வேலையில் நின்று போன ஹயர்கள், கோபப்பட்ட வாடிக்கையாளர்கள், மச்சானோடு மனக்கசப்பு.

மூன்றாம் முறை ஒருவர் வழி சொன்னார். "இறுகுற பக்கத்துப் பைப்பைக் குறட்டால் நெரிச்சு விடுங்க. மற்றப் பக்கம் பிடிக்கும்தானே. பெக்கோவுக்கு ஒரு பக்கம் போதும்." நான் சரி என்றேன். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. நெரிக்கச் சொன்னது அவர், சம்மதித்தது நான்.

நான்காம் நாள் ஒரு தோட்டத்தில் கான் வெட்டும் வேலை. மழை பெய்து ஓய்ந்த நேரம். இறக்கத்தில் ஒப்பரேட்டர் பிரேக்கை மிதித்தார். வலப்பக்கம் மட்டும் பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மெசின் அந்தப் பக்கம்தான் திரும்பும். வலப்பக்கம் மண்மேடு இருந்தது. பெக்கோ அதில் போய்ச் சாய்ந்து நின்றது. இடப்பக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்தின் கீழே, கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் மூட்டையோடு நடந்து கொண்டிருந்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நெரித்தது வலப்பக்கப் பைப்பாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை. எந்தப் பக்கம் முதலில் கெட்டது என்பது என் கையில் இருந்த விடயமா? ஒப்பரேட்டர் தம்பி இறங்கி வந்து என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. "முதலாளி, இனி இதைச் சரியாச் செஞ்சுட்டுக் கூப்பிடுங்க, நான் வாறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு கிளாஸ் தண்ணீர்

பலாங்கொடைப் பக்கம் ஒரு வயதான சிங்கள பாஸ் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரை அழைத்து வந்தோம். அவர் மெசினைத் தொடுவதற்கு முன் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். பிரேக் ஒயில் போத்தலின் மூடியைத் திறந்து, சில துளி ஒயிலை எடுத்துத் தண்ணீரில் விட்டுக் கலக்கினார். ஒயில் தண்ணீரோடு கரைந்து போனது. "முதலாளி, இந்த மெசினுக்குப் போட வேண்டிய ஒயில் தண்ணீரில் மிதக்க வேண்டும்" என்றார்.

விடயம் இதுதான். பிரேக் ஒயிலில் இரண்டு சாதி உண்டு. காருக்கும் வேனுக்கும் போடும் டொட் 3, டொட் 4 என்பவை கிளைக்கோல் வகை. அவை தண்ணீரோடு கலக்கும். பெக்கோக்கள் பலவற்றுக்கு, குறிப்பாக 3சிஎக்ஸ் போன்றவற்றுக்கு, மினரல் ஒயில் வகைதான் போட வேண்டும். அது தண்ணீரில் மிதக்கும். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் வேறு வேறு. மினரல் ஒயிலுக்குச் செய்த ரப்பரில் டொட் ஒயில் பட்டால் ரப்பர் ஊதிப் பருக்கும். பருத்த சீல் சிலிண்டருக்குள் இறுகி, பிஸ்டனைத் திரும்பி வர விடாது. காரின் ரப்பரில் மினரல் ஒயில் பட்டாலும் அதே கதைதான்.

எங்களுக்கு ஒவ்வொரு முறையும் புதுக் கிட் ஏன் சில வாரத்தில் கெட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. புது ரப்பரைப் போட்டு, அதே தவறான ஒயிலை நாங்களே திரும்ப ஊற்றிக் கொண்டிருந்தோம். கிட் விற்றவர் மீதும் கராஜ்காரர் மீதும் நான் பட்ட கோபமெல்லாம் வீண்.

இதற்கு மருந்து ஒயிலை மாற்றுவது மட்டுமல்ல. தவறான ஒயில் போன வழி முழுவதும் சுத்தம் செய்ய வேண்டும். மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், எக்ஸலுக்குள் இருக்கும் பிரேக் பிஸ்டன் சீல் என்று அந்த ஒயில் பட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பாதியை மாற்றிப் பாதியை விட்டால் அதற்குப் பெயர் சிக்கனம் அல்ல. எந்த மெசினுக்கு எந்த ஒயில் என்பதைப் புத்தகத்தில் பாருங்கள், அல்லது ஒயில் போத்தலின் மூடியிலும் பக்கத்துத் தகட்டிலும் பாருங்கள். எல்லாப் பெக்கோவுக்கும் ஒன்றே என்று நினைக்க வேண்டாம். ஒயிலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். கிளாஸ் தண்ணீர் உள்ளே இருப்பது எந்தச் சாதி என்று சொல்லும். புத்தகம் எது இருக்க வேண்டும் என்று சொல்லும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும்.

எங்கே இறுகுகிறது?

ஒயில் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த பாஸ் அன்று காட்டித் தந்த ஒழுங்கை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அதிலிருந்து முக்கியமானவற்றைத் தருகிறேன். செய்வது மெக்கானிக்காக இருக்கட்டும். ஆனால் முதலாளிக்கும் விளங்க வேண்டும். விளங்காத முதலாளிதான் ஒரே சாமானை மூன்று முறை வாங்குகிறார்.

முதலாவது, இறுகுவது கால் பிரேக்கா கை பிரேக்கா என்று பிரித்தறிய வேண்டும். பல பெக்கோக்களில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பெட்டியிலிருந்து பின் எக்ஸலுக்குப் போகும் தண்டில் தனியான ஒரு டிஸ்க்கில் இருக்கும். கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நிறுத்திப் பாருங்கள். அந்த டிஸ்க் சுட்டால் கை பிரேக். அதன் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது ஒப்பரேட்டர் அரைகுறையாக இழுத்தபடியே ஓட்டியிருக்கலாம். சக்கரத்தின் ஹப் சுட்டால் கால் பிரேக். தொட்டுப் பார்க்க வேண்டாம். கையைப் பக்கத்தில் கொண்டு போனாலே சூடு தெரியும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, பெடல். பெக்கோவில் இடம், வலம் என்று இரண்டு பிரேக் பெடல் உண்டு. வயலிலும் குழியிலும் குறுகிய இடத்தில் திருப்புவதற்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரோட்டில் போகும்போது இரண்டையும் பூட்டிச் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரு பெடல் மேலே திரும்பி வராவிட்டால் அந்தப் பக்கம் இறுகும். நமது பகுதியில் இதற்குப் பெரிய காரணம் சேறு. இல்லம் எடுக்கும் குழியில் ஏறி இறங்கும் ஒப்பரேட்டரின் சப்பாத்தில் வரும் களி பெடலுக்கு அடியில் படிந்து, காய்ந்து, கல்லாகிவிடும். பெடலின் முளை துருப்பிடிக்கும், ஸ்பிரிங் உடையும். ஒரு திருப்புளியும் கொஞ்சம் கிரீசும் தீர்க்கும் விடயத்துக்குப் புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் கம்பி. பெடலை மெல்லத் தொட்டால் முதலில் கொஞ்சம் வெறுமனே அசைய வேண்டும், அதன் பிறகுதான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். அந்தச் சிறு இடைவெளி இல்லாமல் யாராவது கம்பியை நீட்டி வைத்திருந்தால், கால் எடுத்த பிறகும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. ஒயில் திரும்பிப் போத்தலுக்குப் போகும் நுண்ணிய துவாரம் மூடியபடியே இருக்கும். ஓட ஓட ஒயில் சூடாகி விரியும். விரிந்த ஒயிலுக்குப் போக வழி இல்லாததால் அது தானாகவே பிரேக்கைப் பிடிக்கும். காலையில் சரி, வேலை தொடங்கிய பின் இறுகுகிறது, ஆறினால் விடுகிறது என்றால் முதலில் இந்தத் துவாரத்தை நினையுங்கள். அதை ஊதிய சீலும் மூடும், அழுக்கும் மூடும், பிழையான அளவில் வைத்த கம்பியும் மூடும்.

நான்காவதுதான் மிகவும் பயனுள்ளது. பிரேக் இறுகியிருக்கும் நேரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். ஆறி விட்ட பின் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெசினைச் சமதரையில் நிறுத்தி, பக்கட்டைத் தரையில் இறக்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்த வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும், ஒயில் சூடாகப் பீறி வரும். பிறகு இறுகிய சக்கரத்துப் பக்கம் காற்று எடுக்கும் நிப்பிளை மெல்லத் தளர்த்த வேண்டும்.

ஒயில் பீறி வந்து சக்கரம் விட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று அர்த்தம். சக்கரத்தில் பிழை இல்லை, மேலே எங்கோ இருக்கிறது. அடுத்த முறை இறுகும்போது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் வெளிவரும் இடத்தில் தளர்த்திப் பாருங்கள். அங்கே விட்டால் பிழை மாஸ்டர் சிலிண்டரில் அல்லது பெடலில். அங்கே தளர்த்தியும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால், நடுவில் உள்ள ஹோஸ் அல்லது பைப் அடைத்திருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி ஒட்டியிருக்கும். கால் மிதிக்கும் பலத்தில் ஒயில் உள்ளே போகும், திரும்பி வர மாட்டாது.

நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால் பிழை எக்ஸலுக்குள். பிஸ்டன் சிக்கியிருக்கலாம், பிரேக் பிளேட் வளைந்தோ துருப்பிடித்தோ ஒட்டியிருக்கலாம். அதன் பிறகு எக்ஸலைத் திறக்காமல் வழி இல்லை. ஆனால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யாமல் எக்ஸலைத் திறக்க யாருக்கும் அனுமதி கொடுக்க வேண்டாம்.

ஐந்தாவது, எக்ஸல் ஒயில். பிந்திய மெசின்களில் பிரேக் பிளேட்டுகள் எக்ஸல் ஒயிலில் மூழ்கியபடி இருக்கும். அதற்கென்று சொல்லப்பட்ட ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும். எந்தக் கியர் ஒயிலும் சரி என்று ஊற்றினால் பிரேக் கத்தும், வெடுக்கென்று பிடிக்கும். களு கங்கைக்கு வரும் ஓடைகளிலும் கல் குழித் தண்ணீரிலும் இறக்கும் மெசின்களுக்குள் தண்ணீர் போகும். கொஞ்சம் ஒயிலை இறக்கிப் பாருங்கள், பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே சில மாதம் நிறுத்தி வைத்தால் பிளேட்டுகள் துருப்பிடித்து ஒட்டும். வெளியே எங்கும் ஒழுகாமல் பிரேக் ஒயில் மட்டும் குறைந்துகொண்டே போனால், அது பிஸ்டன் சீலைத் தாண்டி எக்ஸலுக்குள் போகிறது. ஊற்றி ஊற்றிச் சமாளிக்க வேண்டாம்.

இன்னொன்று. நான்கு சக்கரமும் இழுக்கும் மெசினில் முன் டயரும் பின் டயரும் பொருந்தாத அளவில் இருந்தால், அல்லது ஒன்று புதிதும் மற்றது மொட்டையுமாக இருந்தால், மெசின் பிரேக் பிடித்தது போலவே முக்கும். நான்கு சக்கர இழுப்பை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சுகமாக ஓடினால் பிரேக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்க பின் ஜாக்கிக் கால்களை ஊன்றி மெசினைத் தூக்குவது நமது வழக்கம். தூக்கலாம். ஆனால் உறுதியான கட்டையோ ஸ்டாண்டோ வைக்காமல் யாரும் அடியில் போகக்கூடாது. ஹைட்ரோலிக் ஹோஸ் வெடிக்கும் முன் யாருக்கும் சொல்லிவிட்டு வெடிப்பதில்லை.

செலவு யாருடையது, உயிர் யாருடையது

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பைப்பை நெரிப்பது எனக்கு மட்டும் நடந்த கதையல்ல. இதை எழுதுவதற்கு முன் நான் பேசிய பெக்கோ முதலாளிமாரில் சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், தாங்களும் செய்திருப்பதாக. சிலர் பிளேட்டையே கழற்றிவிட்டிருக்கிறார்கள். "பக்கட்டை இறக்கினால் நிற்கும்தானே" என்கிறார்கள். ஓடும் மெசின் முன் பக்கட்டை இறக்கி நிற்பது ஒப்பரேட்டரின் கெட்டித்தனம் என்றும் நினைக்கிறார்கள். சமதரையில் ஒருவேளை நிற்கும். மழை பெய்த தோட்டப் பாதையில் பக்கட் சறுக்கும், அல்லது எதிலாவது கொத்தி மெசினைத் திருப்பிப் போடும்.

இறுகும் பிரேக் நமக்குக் காசு நட்டம். டீசல் போகிறது, ஹயர் போகிறது. அதனால் உடனே கவனிக்கிறோம். பிடிக்காத பிரேக்கால் நமக்கு ஒரு சதமும் நட்டம் இல்லை, மெசின் லேசாக ஓடும். அந்த நட்டம் மெசினில் இருக்கும் தம்பிக்கும், பின்னால் கான் வெட்டிக்கொண்டு நிற்கும் கூலியாளுக்கும், பாதையில் போகும் பிள்ளைக்கும் உரியது. நமது நட்டத்தை நீக்குவதற்காக அவர்களுடைய தலையில் ஒரு நட்டத்தைத் தூக்கி வைக்கிறோம். கூலிக்கு வந்தவர் நமது கையில் ஓர் அமானத் என்பதை மறந்துவிட்டு, ஜும்ஆவில் முன் சப்பில் நின்று என்ன பயன்?

2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் பட்ட பாட்டை நம்மில் பலர் கண்ணால் கண்டோம். 2017 மே மாதத்திலும் கண்டோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடே கண்டது. ஒவ்வொரு முறையும் முதலில் தேடப்பட்டது பெக்கோ. நனைந்த சரிவில், இரவில், மண்ணுக்குள் ஆள் இருக்கலாம் என்ற நிலையில், சுற்றிலும் சனம் நிற்க வேலை செய்யும் மெசின் அது. அந்த நேரத்தில் பிரேக்கைச் சரிபார்க்க யாருக்கும் அவகாசம் இருக்காது. அனுப்பும் முதலாளியின் மனதுக்கு மட்டும் தெரியும், பைப் நெரித்ததா இல்லையா என்று.

விற்கும்போது

கடைசியாக விற்பனை. நெரித்த பைப்போடு மெசினை விற்பது மிகவும் சுலபம். வாங்க வருபவர் சமதரையில் ஓட்டிப் பார்ப்பார். சுடாது, முக்காது. சந்தோஷமாகக் காசைக் கொடுப்பார். சட்டம் என்று போனால், 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பழைய மெசினைத் தானே ஓட்டிப் பார்த்து வாங்கியவர் நீதிமன்றம் ஏறி வெல்வது இலேசான காரியமல்ல. ஆகவே விற்றவர் தப்பித்துக்கொள்வார், இந்த உலகத்தில்.

மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே வைத்து மக்களுக்குக் காட்டியிருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். தானியம் நனைந்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல, மழையின் வேலை. நனைந்ததை அடியில் வைத்ததுதான் குற்றம். பழைய மெசினில் பிரேக் கெடுவதும் அப்படித்தான். கெட்டது குற்றமல்ல. குறையை மறைத்து விற்றால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்று நமது ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று ஒரு பாடமே இருக்கிறது. ஈரத் தானியத்தால் யாரும் சாகமாட்டார்கள். பிரேக் இல்லாத பெக்கோவால் சாவார்கள். அப்படியானால் நமது பொறுப்பு எவ்வளவு பெரியது?

எங்கள் மெசினை முழுதாகச் சரி செய்து, 2023 வரை ஓட்டிவிட்டு விற்றோம். வாங்க வந்தவரிடம், இந்த மெசினில் ஒரு முறை தவறான ஒயில் ஊற்றினோம், இன்னின்ன சீல் மாற்றினோம், வலப்பக்கப் பிளேட் மட்டும் மாற்றவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னோம். மச்சானுக்குக் கொஞ்சம் கோபம், விலை குறையும் என்று. குறைந்துதான் போனது. ஒயில் போத்தலின் மூடியில், எந்த ஒயில் ஊற்ற வேண்டும் என்று பெயின்டால் எழுதியும் கொடுத்தோம். வாங்கியவர் அடுத்த வருடம் தன் தம்பியை எங்களிடம் அனுப்பினார், "இவர்களிடம் வேறு சாமான் இருந்தால் பார்" என்று. பரக்கத் என்பதற்கு நான் கண்ட அர்த்தம் இதுதான்.

பெக்கோ வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, நாளைக் காலை ஒரு கிளாஸ் தண்ணீரோடு உங்கள் மெசினிடம் போங்கள். ஒயிலைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு பக்கத்துப் பைப்பையும் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள், எங்காவது நெரித்திருக்கிறதா என்று. உங்கள் ஒப்பரேட்டரைக் கூப்பிட்டு, "தம்பி, பிரேக் எப்படி?" என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் தயங்கினால், அன்றைய ஹயரை நிறுத்திவிடுங்கள்.

ஒரு நாள் ஹயரை இன்ஷா அல்லாஹ் மறுநாள் சம்பாதித்துக் கொள்ளலாம்.